கலாபகோஸ் சிறு கப்பல்: அறை பிடிக்கும் முன்

பசிபிக் கடலில் ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகளைச் சுற்றும் சிறு கப்பல்களில் பல 16 பேரை மட்டுமே ஏற்றுபவை. ஒரு தீவிலிருந்து அடுத்ததற்குப் பெரும்பாலும் ராத்திரியில்தான் ஓடும்; தூக்கம் கெடுவது அப்போதுதான். அதனால் மேல்தளத்து அறைக்குக் கூடுதல் பணம் கொட்டாதீர்கள். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் அங்கே குறைவு. பின்பக்கம் என்றால் இன்ஜின் சத்தம், சில கப்பல்களில் டீசல் வாடையும்.

குமட்டல் மாத்திரையை வயிறு புரட்டிய பிறகு போட்டால் வாந்தியோடு போய்விடும். டாக்டரிடம் கேட்டு வாங்கி, நங்கூரம் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள்.

ஜூன் முதல் நவம்பர் வரை ஹம்போல்ட் என்ற குளிர் நீரோட்டத்தால் கடல் குளிர்ந்திருக்கும், அலையும் அதிகம். பூமத்திய ரேகைதானே என்று வெட்சூட் (உடல் சூட்டைக் காக்கும் நீச்சல் உடை) இல்லாமல் குதித்தால் பல் தந்தியடிக்கும்.

கரையேறுவது இரண்டு விதம். 'ஈர இறக்கம்' என்றால் ரப்பர் படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். பட்டை வைத்த செருப்பு போதும். 'உலர் இறக்கம்' பெயருக்குத்தான் உலர்ந்தது. எரிமலைப் பாறையில் பாசி வழுக்கும், பிடிப்புள்ள ஷூ வேண்டும். இறங்கும்போது படகுக்காரரின் விரலைப் பிடிக்காதீர்கள், நழுவிவிடும். அவர் மணிக்கட்டை நீங்களும் உங்கள் மணிக்கட்டை அவரும் பிடிக்க வேண்டும்.