கர்த்தர் பார்த்துக்கொள்வார், கணக்கை யார் பார்ப்பது? ஓய்வுக்காலத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர்க் கோப்பையுடன் நிற்கும் வேளையில், ஐம்பதைக் கடந்த ஒருவரிடம் ஓய்வுக்காலத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். சபைப் பொருளாளராகப் பல ஆண்டுகள் காணிக்கை எண்ணியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பதிலில் விசுவாசம் இருக்கும் அளவுக்குச் சோம்பலும் இருக்கிறது. நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று சொல்லும் மத்தேயு 6:34 விலக்குவது கவலையைத்தான், கணக்கையன்று. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று லூக்கா 14ஆம் அதிகாரத்தில் கேட்பவரும் அதே இயேசுதான். எகிப்தின் செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலின் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைக்கச் சொன்னான் யோசேப்பு. இங்கே சிங்கப்பூரில் 55 வயது வரையுள்ள ஊழியரின் சம்பளத்திலிருந்து கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு, அதாவது மசேநிக்கு, பிடிக்கப்படும் பங்கும் 20 விழுக்காடுதான். இதைத் தீர்க்கதரிசனம் என்று யாரும் பிரசங்கித்துவிட வேண்டாம். வெறும் தற்செயல், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

நான் பார்த்த தவறுகளில் மிகச் சாதாரணமானதும் மிக வேதனையானதும் மசேநி நியமனத்தை, அதாவது நம் காலத்துக்குப் பின் அந்தப் பணம் யாருக்கு என்று பெயர் எழுதிக் கொடுப்பதை, கவனிக்காமல் விடுவது. உயில் எழுதிவிட்டோம் என்ற நிம்மதியில் பலர் இருக்கிறார்கள். மசேநிப் பணமோ உயிலுக்குள் அடங்காது, அதற்கென்று தனியாக நியமனம் செய்தாக வேண்டும். திருமணம் ஆனால் முந்தைய நியமனம் தானாகவே ரத்தாகிவிடும்; மணவிலக்கு ஆனால் ரத்தாகாது. தலைகீழாக இருந்திருக்கலாமே என்று தோன்றும், ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

இதில் நானே தவறியவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தேன். திருமணமாகி, இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் அம்மாவின் பெயர் அங்கே இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரவு, தட்டுகளை எடுத்துவைத்த சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அரசாங்கத்தின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக மசேநிக் கணக்குக்குள் போய்ப் பார்த்தபோது நியமனம் எதுவும் இல்லை என்று திரை சொன்னது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் நான் இறந்திருந்தால் பணம் பொது அறங்காவலரிடம் போய், உயிலில்லாமல் இறந்தவர்களுக்கான சட்டப்படி பாதி மனைவிக்கும் பாதி பிள்ளைகளுக்கும் பிரிந்திருக்கும். மாதாமாதம் என் கையை எதிர்பார்த்திருந்த அம்மாவுக்கு அந்தச் சட்டம் ஒரு காசும் கொடுத்திருக்காது. புதிதாக நியமனம் செய்தபோது பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் சபையில் ஒரு அண்ணனும் சாட்சி சொல்ல முன்வந்தார்கள். சாட்சிகள் இருவருக்கும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அவர்கள் பணம் பெறும் பட்டியலில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஒரு மாலைப்பொழுது கூட ஆகவில்லை.

அடுத்தது 55ஆவது பிறந்தநாள். நம்மைவிட நம் உறவினர்களுக்கு அந்தத் தேதி நன்றாக நினைவிருக்கும். அந்த வயதில் மசேநியில் ஓய்வுக்காலக் கணக்கு உருவாகிறது. முழு ஓய்வுக்காலத் தொகை, 2025இல் 55 வயதை எட்டியவர்களுக்கு 213,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதில் ஒதுக்கப்பட்டபின் மிஞ்சுவதை எடுத்துக்கொள்ளலாம். எடுக்கலாம் என்பதை எடுத்தே ஆகவேண்டும் என்று பலர் புரிந்துகொண்டு, மருமகனின் கடைக்கும் மகளின் விருந்து மண்டபத்துக்கும் கொடுத்துவிட்டு, 65 வயதில் மசேநியிலிருந்து வரும் மாதத்தொகை போதவில்லை என்று வருந்துகிறார்கள். உண்மையில் 65 வயதிலும் அவசரப்படத் தேவையில்லை. வேலை செய்ய உடம்பு இடங்கொடுத்தால் மாதத்தொகையை 70 வயது வரை தள்ளிவைக்கலாம், தள்ளிவைக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அது 7 விழுக்காடு வரை கூடும். பணம் கையில் இல்லாதவரிடம் கேட்பது ஜாமீன் கையெழுத்து. பிறனுக்காகப் பிணைப்பட்டவன் வேடன் கையிலிருக்கும் மானைப் போலத் தப்பி ஓடட்டும் என்று நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம் இவ்வளவு பதற்றத்தோடு பேசும்போது, "அண்ணன் தம்பிக்குள் என்ன" என்று பேனாவைத் திறப்பவர்களை நான் எந்த வகை விசுவாசத்தில் சேர்ப்பது?

ஜெபக் கூட்டத்தில் அறிமுகமாகும் முதலீடுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கொண்டுவருபவர் எவ்வளவு நன்றாக ஜெபித்தாலும், சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையத்தளத்தில் நிறுவனப் பட்டியலையும் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள்; மோசடி என்று சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை அழையுங்கள். அந்தச் சகோதரர் வருத்தப்பட்டால் வருத்தப்படட்டும்.

ஓய்வுபெற்றபின் திருநெல்வேலிப் பக்கமோ நாகர்கோவில் பக்கமோ ஒரு தென்னந்தோப்பு வாங்கிப் போய்விடலாம் என்ற கனவு நம்மவர்களிடம் உண்டு. சிங்கப்பூர்க் குடிமகன் ஆனபின், வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருந்தாலும் இந்தியாவில் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. அதனால் தம்பி பெயரிலோ மைத்துனர் பெயரிலோ வாங்கிப்போட்டு, முப்பது ஆண்டுச் சேமிப்பை வேறொருவர் பட்டாவில் வைத்துவிட்டு இங்கே நிம்மதியாகத் தூங்குவது சட்டச் சிக்கலும் குடும்பச் சிக்கலும் சேர்ந்த ஒன்று.

கடைசியாக, பொருளாளரே இதைச் சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடிய தவறு. தசமபாகம் கொடுப்பது நல்லது. கொடுப்பதாக நேர்ந்துகொண்ட பொருத்தனையை நிறைவேற்றக் கடனட்டையில் எடுத்து, ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி கட்டுவது நல்லதன்று. பெற்றோருக்கு உதவ வேண்டிய பணத்தைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி ஆலயத்துக்கு ஒதுக்கியவர்களை இயேசு மாற்கு 7ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். வயதான பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்று சிங்கப்பூர் 1995இல் தனிச் சட்டமே இயற்றியது. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற ஐந்தாம் கட்டளை நமக்கு அதற்கு முன்பே இருந்தது.

கொடுக்க நினைப்பவர்கள் பெற்றோரின் ஓய்வுக்காலக் கணக்கையும் ஒருமுறை பார்க்கலாம். 55 வயதைக் கடந்து, அடிப்படை ஓய்வுக்காலத் தொகைகூட (முழுத் தொகையில் பாதி) சேராத, தகுதி பெறும் குடிமக்களின் கணக்கில் ரொக்கமாகப் போடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசாங்கம் இன்னொரு வெள்ளி போடுகிறது; 2025 முதல் ஆண்டுக்கு 2,000 வெள்ளி வரை, வாழ்நாளில் 20,000 வெள்ளி வரை. முன்பிருந்த 70 வயது உச்சவரம்பும் அந்த ஆண்டு முதல் இல்லை. டிசம்பர் 31க்குள் போட்டால் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அரசாங்கத்தின் பங்கு வந்துசேரும். அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் புடவைக்குப் பதிலாக இதுவே போதும் என்று முதல் முறை நான் நினைத்தேன். இரண்டு நாள் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. இப்போது புடவையும் எடுத்துவிடுகிறேன்.