கருப்பு வெள்ளை நிலக்காட்சி: வண்ணத்தை நீக்கினால் மட்டும் போதாது

வண்ணத்தில் எடுபடாத படத்தைக் கருப்பு வெள்ளையாக்கிக் காப்பாற்றப் பார்ப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. வண்ணம் போனபின் மிஞ்சுவது வடிவமும் வெளிச்சமும்தான். அவை எடுக்கும்போதே இல்லையென்றால் பிறகு எந்த ஆப்பாலும் கொண்டுவர முடியாது. ஆகவே முடிவு ஷட்டரை அழுத்தும் முன்பே வேண்டும்.

1927 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே நின்ற அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸிடம், ஃபிலிமுக்குப் பதிலாகப் பயன்படும் கண்ணாடித் தகடுகள் இரண்டே மிச்சமிருந்தன. ஒன்றை லென்ஸில் மஞ்சள் ஃபில்டர் (வண்ணக் கண்ணாடி) போட்டு எடுத்தார். எடுத்ததுமே, வானம் வெளிறிவிடும், அந்தப் பாறை தனக்குள் எழுப்பிய பிரமிப்பு படத்தில் வராது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்பு ஃபில்டர் நீல ஒளியைத் தடுக்கும். அதனால் வானம் கருப்புக்கு மிக அருகே இறங்கியது, பாறை அதன்முன் ஓங்கி நின்றது. அன்று கண்ணுக்குத் தெரிந்த வானம் அதுவல்ல, அவர் உணர்ந்த வானம். கருப்பு வெள்ளை கலையாவது இந்த இடத்தில்தான் என்பேன்.

எடிட்டிங்கில் சாச்சுரேஷனை (வண்ணச் செறிவை) பூஜ்யமாக்கி நிறுத்துபவர்கள், எந்த வண்ணம் எவ்வளவு கருக்க வேண்டும் என்ற இந்தத் தேர்வையே கைவிடுகிறார்கள். பச்சை இலைகளுக்கு நடுவே கண்ணைப் பறிக்கும் சிவப்புப் பூ, இலையோடு ஒரே சாம்பலாகிக் காணாமல் போகலாம். ஒவ்வொரு வண்ணமும் எவ்வளவு வெளிச்சமான சாம்பலாக வேண்டும் என்று தீர்மானிக்கும் கருப்பு வெள்ளை மிக்ஸரைத் திறந்து சிவப்பை ஏற்றி, பச்சையை இறக்குங்கள்; பூ திரும்ப வரும். டிஜிட்டல் கேமராவில் சிவப்பு ஃபில்டரையே மாட்டுவது நல்ல யோசனை அல்ல. வழக்கமான வண்ண சென்சாரில் சிவப்பைப் பதிவது கால்பங்கு பிக்சல்களே, மற்றவற்றுக்கு ஒளி மிகக் குறைவாகவே கிடைக்கும். ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுத்து, கேமராவில் மோனோக்ரோம் முறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். திரையில் காட்சி சாம்பலில் தெரியும், ஃபைலில் வண்ணம் பத்திரமாக இருக்கும்.

அதற்காக, வானத்தைக் கருப்பாக்க மிக்ஸரின் நீல ஸ்லைடரை அடிவரை இழுக்காதீர்கள். வானத்தில் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) பொங்கும், மலை விளிம்பில் வெள்ளைக்கோடு முளைக்கும்.

கான்ட்ராஸ்ட், அதாவது கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு, அந்த விஷயத்திலும் அளவு வேண்டும். ஆடம்ஸும் சக புகைப்படக்காரர் ஃப்ரெட் ஆர்ச்சரும் எக்ஸ்போஷரைத் (படத்தில் பதியும் ஒளியின் அளவை) திட்டமிட வகுத்த ஸோன் முறையில் முழுக் கருப்பிலிருந்து முழு வெள்ளை வரை 11 படிகள். இரு நுனிகளை மட்டும் வைத்துக்கொண்டால் நடுவிலுள்ள ஒன்பதும் வீண். மேகத்தின் மடிப்புகள் அழியாதபடி எக்ஸ்போஷர் வையுங்கள். டிஜிட்டலில் வெளுத்துப்போன இடம் மீளாது. மூடுபனிக் காட்சிக்கோ அழுத்தமான கருப்பே தேவையில்லை, அதை மென்மையாகவே விட்டுவிடலாம்.

எல்லாப் படத்துக்கும் ஒரே பிரீசெட் (முன்பே சேமித்த எடிட்டிங் அமைப்பு) போட்டு முடிப்பதும் தவறுதான். நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டெஸ் கிராமத்தின் மேல் நிலா எழுவதை 1941-இல் எடுத்த ஆடம்ஸ், அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் பிரிண்ட் போட்டார். பிந்தையவற்றில் வானம் மிகவும் இருண்டிருக்கும். நீங்களும் சில மாதம் கழித்து அதே ரா ஃபைலைத் திறந்து, முதலிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.