அட்டவணை எண்ணைக் கையால் அடிக்காதீர்கள்

கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றுக்கு வருஷா வருஷம் ஆண்டறிக்கை அடித்துக் கொடுக்கிறேன். பச்சை இலை வரவு, கிலோ விலை, உரம், கவாத்துக் கூலி என்று 40 பக்கத்துக்குள் 17 அட்டவணைகள் வரும். ஒரு தடவை எல்லாம் முடித்து, அச்சுக்குக் கொடுக்கும் முந்தின ராத்திரி போன் வந்தது: "தம்பி, மழைக் கணக்கையும் மூணாவதா சேர்த்துடுங்க." சேர்த்தேன். அதற்குக் கீழே இருந்த தலைப்பு எண்களையெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். பத்திகளுக்குள் 'அட்டவணை 9-இல் காண்க' என்று கிடந்த வாக்கியங்கள் நினைவுக்கே வரவில்லை. கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "விலை ஏன் விழுந்துச்சுன்னு 9ஐப் பாருங்கன்னு போட்டிருக்கு, 9ல உரக் கணக்குல்ல இருக்கு?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான், தப்பு என்னுடையது.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே பெயின்ட் அடித்து வைக்கலாம், வளைவு கூடப் போவதில்லை. அறிக்கையில் அட்டவணை கூடும், குறையும், இடம் மாறும். அதனால் எண்ணை நீங்கள் அடிக்கவே கூடாது, மென்பொருள்தான் எண்ண வேண்டும். தலைப்பில் மட்டுமில்லை, அந்த அட்டவணையைச் சுட்டிக்காட்டும் வாக்கியத்திலும்.

வேர்டில் முதலில் தலைப்பு. அட்டவணையின் மேல் இடது மூலையில் நான்கு அம்புக்குறி உள்ள சின்னக் கட்டம் தெரியும், அதைச் சொடுக்கினால் அட்டவணை முழுக்கத் தேர்வாகும். அப்புறம் ரெஃபரன்சஸ் பட்டையில் இன்சர்ட் கேப்ஷன். லேபிள் ஆங்கிலத்தில் 'டேபிள்' என்று நிற்கும், நியூ லேபிள் பொத்தானை அமுக்கி 'அட்டவணை' என்று தமிழில் அடித்துவிடுங்கள். பொசிஷனில் அபவ் வைக்கவும், அட்டவணைக்குத் தலைப்பு மேலே வருவதுதான் வழக்கம். ஓகே கொடுத்தால் 'அட்டவணை 1' வந்துவிடும், பக்கத்தில் 'மாதவாரி இலை வரவு' என்று உங்கள் தலைப்பை அடியுங்கள். அந்த 1 சாதாரண எழுத்து இல்லை, ஃபீல்டு, அதாவது வேர்ட் தானே எண்ணி நிரப்பும் இடம். அதன்மேல் கர்சர் வைத்தால் சாம்பல் நிறம் தட்டும். தட்டவில்லை என்றால் யாரோ கையால் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது அதன் தோற்றம். வேர்ட் தானாகத் தருவது 9 புள்ளி அளவில் சாய்வெழுத்து. ஆங்கிலத்துக்கு அது அழகு, தமிழ் எழுத்தைச் சாய்த்தால் ஆடிக் காற்றில் சாய்ந்த சவுக்கு மாதிரி இருக்கும். ஒவ்வொரு தலைப்பாகத் தேர்ந்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஹோம் பட்டையில் ஸ்டைல்ஸ் பகுதிக்குப் போய், கேப்ஷன் என்ற பாணியில் வலது சொடுக்கு, மாடிஃபை. அங்கே சாய்வை எடுத்துவிட்டு தடிமன் கொடுத்து 11 புள்ளி வைத்தால் 17 தலைப்பும் ஒரே அடியில் மாறும். அந்தப் பெட்டியிலேயே ஃபார்மட், ஃபான்ட் என்று உள்ளே போனால் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்று தனிப் பகுதி இருந்தால் அதிலும் எழுத்துருவையும் அளவையும் வையுங்கள், ஏனென்றால் வேர்ட் தமிழைச் சேர்த்திருப்பது அந்தக் கணக்கில். 'அட்டவணை' பெரிதாகவும் பக்கத்திலிருக்கும் '7' சிறிதாகவும் தெரிகிறதே ஏன் என்று பலபேர் மண்டையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். கையோடு ஃபார்மட், பாராகிராஃப் போய் கீப் வித் நெக்ஸ்ட் டிக் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் தலைப்பு ஒரு பக்கத்தின் அடியிலும் அட்டவணை அடுத்த பக்கத்திலும் போய் உட்காரும்.

அடுத்தது வாக்கியத்துக்குள் வரும் எண். நான் கோட்டைவிட்டது இங்கேதான். 'அட்டவணை 9-இல்' என்று எழுத வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து, ரெஃபரன்சஸில் கிராஸ்-ரெஃபரன்ஸ். வகையில் அட்டவணையைத் தேர்ந்து, ஒன்லி லேபிள் அண்ட் நம்பர் என்பதை வைத்து, கீழே பட்டியலில் வேண்டிய தலைப்பைச் சொடுக்கி இன்சர்ட். 'அட்டவணை 9' வந்து விழும், அதற்கு வெளியே '-இல்' என்று நீங்கள் ஒட்டிக்கொள்ளலாம். 9 நாளைக்கு 10 ஆனாலும் '-இல்' அப்படியே பொருந்தும். ஆனால் '9ஆம் அட்டவணையில்' என்று எழுதும் பழக்கம் இருந்தால் வேர்டின் பட்டியலில் எண்ணை மட்டும் எடுக்கும் வசதி கிடையாது, வாக்கியத்தைத்தான் மாற்ற வேண்டும். வேர்ட் மாதிரியே இருக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் எண் மட்டும் வரும்படி எடுக்கலாம். தமிழில் எழுதுகிறவனுக்கு அது பெரிய உபகாரம்.

நடுவில் மழைக் கணக்கு வந்தால் என்ன செய்வது? அதற்கும் இன்சர்ட் கேப்ஷன் கொடுங்கள், பிறகு கன்ட்ரோல் ஏ, எஃப்9. எல்லா எண்ணும் நகர்ந்துவிடும். சில மடிக்கணினிகளில் எஃப்என் பொத்தானையும் சேர்த்து அமுக்க வேண்டியிருக்கும். நான் எப்போதும் இரண்டு முறை அமுக்குவேன், ஒரு தடவையில் சில வாக்கியங்கள் பழைய எண்ணிலேயே நின்றுவிட்டால் இரண்டாவது தடவையில் சரியாகிவிடும். ஒன்று மட்டும் கவனம்: தலைப்பின் முதல் எழுத்துக்கு முன்னால் கர்சரை வைத்து என்டர் தட்டி, அங்கே புதிதாக ஏதாவது அடிக்காதீர்கள். சுட்டும் ஃபீல்டு அந்த இடத்திலிருந்துதான் எழுத்தை எடுக்கிறது, புதுசாக அடித்ததையும் சேர்த்து இழுத்து வந்து வாக்கியத்தின் நடுவில் கொட்டும். முந்தின பத்தியின் கடைசிக்குப் போய் என்டர் தட்டினால் தொல்லை இல்லை.

அட்டவணைக்கு உள்ளே வரும் வரிசை எண் வேறு சங்கதி. தலைவரியை விட்டுவிட்டு முதல் நெடுவரிசையின் கட்டங்களைத் தேர்ந்து நம்பரிங் பொத்தானை அமுக்கினால் 1, 2, 3 வந்துவிடும். ஆனால் எண் கட்டத்தின் நடுவில் நிற்காமல் ஒரு ஓரமாக ஒதுங்கும். எண்ணில் வலது சொடுக்கு, அட்ஜஸ்ட் லிஸ்ட் இன்டென்ட்ஸ், அதில் இரண்டு இன்டென்ட்டையும் 0 ஆக்கி, ஃபாலோ நம்பர் வித் என்பதில் நத்திங் வைத்து, பிறகு கட்டத்தை நடுவில் சீராக்குங்கள். புள்ளி வேண்டாம் என்றால் டிஃபைன் நியூ நம்பர் ஃபார்மட்டில் அழிக்கலாம். 'மொத்தம்' வரிக்கும் ஒரு எண் விழுந்திருக்கும், அங்கே கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ். அடுத்த அட்டவணை 1இல் தொடங்காமல் 13 என்று தொடர்ந்தால் அந்த எண்ணில் வலது சொடுக்கு, ரீஸ்டார்ட் அட் 1. இப்படி எண் போட்டால் உறுப்பினர் பெயரை அகர வரிசையில் அடுக்கினாலும் எண் குலையாது.

பக்கம் தாண்டும் நீள அட்டவணை என்றால் தலைவரியில் கர்சரை வைத்து டேபிள் லேஅவுட்டில் ரிபீட் ஹெடர் ரோஸ். அட்டவணையைச் சுற்றி எழுத்து ஓடும்படி வைத்திருந்தாலோ, நீங்களே பக்கத்தை வெட்டியிருந்தாலோ இது வேலை செய்யாது. முன்பக்கத்தில் அட்டவணைப் பட்டியல் வேண்டுமானால் இன்சர்ட் டேபிள் ஆஃப் ஃபிகர்ஸ், லேபிளில் 'அட்டவணை'. பெயரில் படம் என்று இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், அட்டவணைக்கும் அதுதான்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஃபைண்டில் 'எர்ரர்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்துத் தேடுங்கள். அழித்த அட்டவணையைச் சுட்டிய வாக்கியம் எதுவாவது இருந்தால் எஃப்9 அமுக்கியதும் அந்தச் சொல்லோடுதான் காட்டும். டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் தலைப்பு வைத்திருந்தால் கன்ட்ரோல் ஏ அதைத் தொடாது, உள்ளே போய்த் தனியாக எஃப்9 அமுக்குங்கள். கடைக்கு பிடிஎஃப் ஆக்கியே அனுப்பவும், வேர்ட் கோப்பாக அனுப்பினால் அங்கே எழுத்துரு இல்லாமல் பக்கமே மாறிவிடும். ராத்திரி போன் வந்தாலும் பழைய பிடிஎஃபைக் கடைக்காரர் போனிலிருந்து முதலில் அழிக்கச் சொல்லிவிட்டு, பிறகு புதியதை அனுப்புங்கள்.