பார்முலா தெரிஞ்சும் கணக்குல மார்க் போறது எங்க?

பசங்க பேப்பரைத் திருத்திப் பாருங்க, பார்முலாவைத் தப்பா எழுதுறவங்க ரொம்ப கம்மி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா கேள்வில இருக்கற நம்பர்ல எது எங்க போகணும்ங்கறதுலதான் கோட்டை விட்டுடறாங்க.

தனிவட்டிய எடுத்துக்கோங்க. நம்ம சென்னைல "ரெண்டு வட்டிக்கு வாங்கினேன்"னு யாராவது சொன்னா அது மாசத்துக்கு நூத்துக்கு ரெண்டு ரூபா, அதாவது வருஷத்துக்கு 24%, ஆனா புக்ல வட்டிவீதம்னு சும்மா போட்டிருந்தா அது வருஷக் கணக்கு, அதனால காலத்தையும் வருஷமா மாத்திட்டுதான் உள்ள போடணும். 12,000 ரூபா, 10%, 8 மாசம்னா 8/12 போட்டு 800 ரூபா வட்டி. அப்படியே 8னு போட்டா 9,600 வரும், எட்டு மாசத்துக்கு அவ்ளோ வட்டி கந்துவட்டிக்காரன் கூட கேக்க யோசிப்பான், ஆனா நம்மாளு அதுக்கு கீழ ரெண்டு கோடு போட்டு விடைன்னு எழுதிட்டு போய்ட்டே இருப்பான்.

நாள் கணக்கு வந்தா கடன் வாங்கின நாளை விட்டுட்டு எண்ணணும். ஜனவரி 3லேர்ந்து மார்ச் 17 வரைக்கும் சாதா வருஷத்துல 28, 28, 17, மொத்தம் 73 நாள், அதாவது சரியா 1/5 வருஷம். 74 வந்து பின்னம் சுருங்காம அடம்பிடிச்சா மொதல் நாளையும் சேத்து எண்ணிட்டீங்கன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, "8 வருஷத்துல பணம் ரெண்டு மடங்கு ஆகுது"ன்னா வட்டி ரெண்டு மடங்கு இல்ல, வட்டி அசல் அளவுதான், வீதம் 12.5%. அதே பணம் மூணு மடங்கு ஆக 12 வருஷம்னு நிறைய பேர் எழுதறாங்க, வட்டி மட்டும் ரெண்டு அசல் வரணும்ல, அதனால 16 வருஷம்.

நிகழ்தகவுல ரெண்டு பகடை உருட்டினா கூட்டுத்தொகை 2லேர்ந்து 12 வரைக்கும் 11 விதம், அதனால 5 வர 1/11னு போடறது பெரிய தப்பு. மொத்தம் 36, அதுல (1,4), (4,1), (2,3), (3,2) நாலும் வேற வேற, 4/36, அதாவது 1/9. சீட்டுக்கட்டு கேள்வி இன்னும் பாவம், வீட்ல சீட்டைக் கைல எடுத்தாலே திட்டு விழுது, அப்புறம் பரீட்சைல முக அட்டை எத்தனைன்னா பிள்ளை எங்க போகும்? ராஜா, ராணி, ஜாக் மட்டும்தான், 12. ஏஸ் கெடையாது.

"அல்லது"ன்னு வந்தா உடனே கூட்டிடாதீங்க, ரெண்டுலயும் சேந்து வர்றதை ஒரு தடவை கழிக்கணும். லீப் வருஷத்துல 53 வெள்ளி அல்லது 53 சனி வர நிகழ்தகவு கேட்டா 2/7 + 2/7 = 4/7னு எழுதிடுவாங்க. 52 வாரம் போக மிச்சம் இருக்கற ரெண்டு நாள் வெள்ளி-சனி ஜோடியா இருந்தா அது ரெண்டு பக்கமும் எண்ணப்பட்டிருக்கும், அதனால 3/7.

வடிவியல், அளவியல்ல விட்டத்தை ஆரமா போடறது பழைய கதை, சொல்லி சொல்லி வாயே வலிக்குது. கூம்புல ஆரம் 7, உயரம் 24ன்னா வளைபரப்புக்கு சாயுயரம் 25 கண்டுபிடிச்சிட்டு போடணும், 550 வரும், நேரா 24 போட்டா 528. அரைக்கோளம் திண்மமா இருந்தா மொத்தப் பரப்புல அடிவட்டமும் உண்டு.

பத்தாவது பப்ளிக்ல எட்டு மார்க் வடிவியல் படம் வரையற கேள்விய லேசா விடாதீங்க. வடிவொத்த முக்கோணத்துல பக்கம் 7/3 மடங்கு கேட்டா புது முக்கோணம் பெருசா வெளிய போகணும், அதனால அடிப்பக்கத்தோட ஒரு முனைலேர்ந்து போட்ட கதிர்ல சம இடைவெளில ஏழு புள்ளி வெச்சு மூணாவது புள்ளிய அடிப்பக்கத்தோட இன்னொரு முனையோட சேத்து, ஏழாவதுலேர்ந்து அதுக்கு இணையா கோடு போடணும். அவசரத்துல ஏழாவதை சேத்துட்டா 3/7 வந்து நிக்கும். உதவிப்படத்தை ஓரமா போட்டு வைங்க, வில் போட்ட கோட்டை அழகுக்காக ரப்பர் வெச்சு அழிச்சிடாதீங்க.