மைக் செட் வீட்டில் ஒரு ஹை-ஃபை: ஸ்பீக்கர் முதலில், வாட்ஸ் கடைசியில்

கும்பகோணத்தில் எங்கள் அப்பா முப்பது வருடங்களுக்கு மேல் மைக் செட் தொழில் செய்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எங்கே போனாலும் மூங்கில் கழியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, ஊர் எல்லை வரை கேட்கவைப்பார். ஒயர் சுற்றிக் கொடுத்து வளர்ந்தவள் நான். தொழிலை விட்ட பிறகு அவர் கைப்பேசியைக் காதருகே பிடித்துக்கொண்டு நாதஸ்வரம் கேட்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் ஜோடியும் ஆம்ப்ளிஃபயரும் வாங்க 45,000 ரூபாய் ஒதுக்கினேன். அப்பா கேட்ட முதல் கேள்வி: “எத்தனை வாட்ஸ் வாங்கப்போகிறாய் அம்மா?”

கடைக்குப் போகிற எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. முதலில் அறை, அடுத்து ஸ்பீக்கர், அதற்குப் பிறகுதான் ஆம்ப்ளிஃபயர். இந்த வரிசையில் போனால், எத்தனை வாட்ஸ் என்பது நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய எண்ணாகிவிடும்.

எங்கள் கூடம் 12 அடிக்கு 10 அடி. சிவப்புச் சிமென்ட் தரை, நான்கு பக்கமும் செங்கல் சுவர், ஒரு மர அலமாரி. நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை சட்டென்று அடங்காமல் ‘ணங்’ என்று நீண்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரும் அந்த அறையில் கூச்சலாகத்தான் பாடும். நம் ஊர் வீடுகளில் கம்பளமும் கனத்த திரையும் குறைவு. ஒலியை உறிஞ்ச எதுவும் இருப்பதில்லை. பவானி ஜமுக்காளம் ஒன்றை விரித்தால் மேல் ஸ்தாயியின் கூர்மை சற்றுக் குறையும். அதற்குக் கீழே இருக்கிற ஒலிகளை மெல்லிய துணி தொடாது. அதற்குப் புத்தகம் நிறைந்த அலமாரியோ, சுவரோரம் சாய்த்துவைத்த இலவம்பஞ்சு மெத்தையோ வேண்டும். நாங்கள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் மெத்தையைச் சாய்த்தோம். கைதட்டலின் வால் பாதியாக அறுந்தது. செலவு ஒன்றும் இல்லை.

இவ்வளவு சிறிய அறைக்குப் பெரிய டவர் ஸ்பீக்கர் வேண்டாம். 5 முதல் 6½ அங்குல ஊஃபர் (பேஸ் தரும் பெரிய கோன்) உள்ள புக்‌ஷெல்ஃப் ஜோடி போதும். டவர் தரும் ஆழமான பேஸ் இங்கே மூலைகளில் தேங்கி, மிருதங்கத்தின் தொப்பியையும் (இடப்பக்கத் தோல்) பாடகரின் குரலையும் சேர்த்து அமுக்கிவிடும். ஒரே பணத்தில் தரமான சிறிய பெட்டியும் சுமாரான பெரிய பெட்டியும் கிடைக்குமானால், தயங்காமல் சிறியதை எடுங்கள்.

ஸ்பீக்கரின் விவரத்தாளில் நான் முதலில் தேடுவது சென்சிட்டிவிட்டி. 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பதுதான் அது. 8 ஓம்ஸ் (ஸ்பீக்கரின் மின்தடை) ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் சரியாக 1 வாட். அப்பாவின் குழாய்க்கு 1 வாட் கொடுத்தால் 105 டெசிபலைத் தாண்டும். வீட்டுக்கு வாங்கும் சிறிய பெட்டிகள் பெரும்பாலும் 85 முதல் 88 வரைதான். உதாரணமாக, எலாக் டெப்யூ பி5.2-க்கு நிறுவனம் சொல்வது 86 டெசிபல். 20 டெசிபல் வித்தியாசம் என்றால் 100 மடங்கு வாட்ஸ். அப்பா அதிர்ந்துபோனார். “அப்படியானால் இது மட்டமான ஸ்பீக்கர் அல்லவா?” என்றார். இல்லை. குழாய், குரலின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துத் தொலைவுக்கு எறிகிறது. தவிலின் அடியும் தம்புராவின் ஜீவா தரும் ரீங்காரமும் அதில் வருவதே இல்லை. சிறிய பெட்டியும், ஆழமான பேஸும், குறைந்த வாட்டில் பெரிய சத்தமும் மூன்றும் சேர்ந்து ஒரே ஸ்பீக்கரில் கிடைக்காது. புக்‌ஷெல்ஃப் செய்பவர்கள் மூன்றாவதை விட்டுக்கொடுத்து முதல் இரண்டையும் வாங்குகிறார்கள்.

விவரத்தாளில் இன்னொன்றையும் கவனியுங்கள். 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு அதே 2.83 வோல்ட் கொடுத்தால் அது இழுப்பது 2 வாட். அதன் 88 டெசிபல் உண்மையில் 85-க்குச் சமம். 8 ஓம்ஸ் ஸ்பீக்கரோடு ஒப்பிடும்போது இந்த 3 டெசிபலைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இனி வாட்ஸ் கணக்கு. 86 டெசிபல் ஸ்பீக்கர், உட்காரும் தூரம் 2 மீட்டர். தூரம் இரட்டித்ததால் 6 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் பாடுவதால் 3 கூடும். ஆக ஒவ்வொன்றுக்கும் 1 வாட் கொடுத்தால் காதில் விழுவது 83 டெசிபல். இதுவே வீட்டுக்கு அதிக சத்தம். நாம் பேசிக்கொள்வது 60 டெசிபல் அளவில்தான். நன்றாக அனுபவித்துக் கேட்கிற 75 டெசிபலுக்கு ஒரு வாட்டில் ஆறில் ஒரு பங்கு போதும். ஆனால் இசை சமமாக ஓடுவதில்லை. தவிலில் ஒரு அடி விழும்போது சராசரியைவிட 20 டெசிபல் எகிறலாம். 95 டெசிபல் வேண்டும். வாட்ஸ் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபல் கூடும்: 2 வாட்டில் 86, 4-இல் 89, 8-இல் 92, 16-இல் 95. அவ்வளவுதான். உண்மையான 30 வாட் எங்கள் கூடத்துக்குத் தாராளம். 50 இருந்தால் நிம்மதி.

‘உண்மையான’ என்ற சொல்லில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. பெட்டியில் ‘பி.எம்.பி.ஓ.’ (ஒரு கணம் எட்டுவதாகச் சொல்லும் உச்சம்) என்று போட்டு 1,000, 2,000 என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அதற்கு ஒழுங்கான அளவுமுறையே கிடையாது. ‘ஆர்.எம்.எஸ்.’ (தொடர்ந்து தரும் சக்தி) என்று இருந்தாலும், எத்தனை ஓம்ஸில், எவ்வளவு ஒலிச் சிதைவில் என்று கேளுங்கள். யமஹாவின் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் இதற்கு நல்ல பாடம். விலை குறைந்த ஏ-எஸ்201-க்கு 100 வாட். அதற்கு மேல்படியில் இருக்கும் ஏ-எஸ்301-க்கு 60 வாட். முதலாவதை அளந்தது 40 ஹெர்ட்ஸிலிருந்து, 0.2 சதவீதச் சிதைவில். இரண்டாவதை 20 ஹெர்ட்ஸிலிருந்து, 0.019 சதவீதச் சிதைவில்; அதாவது இன்னும் ஆழமான பேஸிலிருந்து, இன்னும் சுத்தமாக. நிறுவனம் இரண்டையும் வெளிப்படையாகவே அச்சிடுகிறது. படிக்காமல் 100-ஐ மட்டும் பார்த்துவிட்டுப் போவது நாம்தான். 60-க்கும் 100-க்கும் காதில் உள்ள வித்தியாசமோ 2 டெசிபல் சொச்சம்.

அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவர்களுக்கு அப்பாவின் வழி ஒன்று உண்டு. அது எனக்குக் கணக்குப் புத்தகத்தைவிடப் பிடிக்கும். அவர் 5200, 1943 டிரான்சிஸ்டர்கள் எத்தனை ஜோடி என்று எண்ணமாட்டார். மூடியைத் திறந்து டிரான்ஸ்ஃபார்மரைப் பார்ப்பார். 24-0-24, 5 ஆம்பியர் என்றால் 48-ஐ 5-ஆல் பெருக்கினால் 240. உள்ளே வருவதே அவ்வளவுதான்; வெளியே தொடர்ந்து 500 வாட் எங்கிருந்து வரும்? அடாப்டரில் ஓடும் சிறிய கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர்களுக்கும் இதே அளவுகோல்தான். டி.பி.ஏ.3255 என்ற சிப் உள்ள பெட்டிகளில் ‘300 வாட் × 2’ என்று எழுதியிருப்பார்கள். சிப்பைச் செய்யும் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் அந்த அளவைச் சொல்வது 50 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து, 4 ஓம்ஸில், 10 சதவீதச் சிதைவில். பெட்டியோடு வரும் அடாப்டர் 32 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் மொத்தமே 160 வாட். 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு அதிலிருந்து 64 வாட்டுக்கு மேல் சுத்தமாக வர வழியே இல்லை.

ஆனால் நம் தேவை 30 அல்லவா? அதனால் நான் வாங்கியது அத்தகைய ஒன்றைத்தான். 28,000 ஸ்பீக்கருக்கு, 13,000 ஆம்ப்ளிஃபயருக்கு, மீதி ஸ்டாண்டுக்கும் ஒயருக்கும் ஜமுக்காளத்துக்கும். பணத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்குப் போவதே நியாயம். இரண்டு நல்ல ஆம்ப்ளிஃபயர்களுக்கு இடையே காதுக்கு எட்டும் வித்தியாசம் சிறிது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே அது மிகப் பெரிது. உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம்ஸ் என்றால் மட்டும், ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் 4 ஓம்ஸ் அனுமதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் மாட்டினால் சூடேறி அணைந்துவிடலாம்.

பிறர் பயன்படுத்திய பழையதை வாங்கினால் பாதிப் பணம் மிச்சமாகும். ஆனால் துணியை விலக்கி ஊஃபரின் விளிம்பு வளையத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். பழைய ஸ்பீக்கர்களில் அது ஃபோமாக இருக்கும். நம் ஈரக் காற்றில் சில வருடங்களில் புட்டு மாதிரி உதிர்ந்துவிடும். ரப்பர் வளையம் நீண்ட நாள் தாங்கும். உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர் என்றால் பின்னால் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படிக்காமல் சொருகாதீர்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100. அப்பாவின் கடைக்கு 230-இல் சொருகிக் கருகிய பெட்டிகள் எத்தனையோ வந்திருக்கின்றன.

ஸ்பீக்கரைக் கேட்காமல் வாங்காதீர்கள். நான் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போனேன், பென் டிரைவில் அப்பாவுக்குப் பழகிய நான்கு பதிவுகளோடு. ஒரு கடையில் தங்கள் பாட்டைத்தான் போடுவோம் என்றார்கள். பேஸும் ட்ரெபிளும் ஏற்றி வைத்து, விலை கூடிய ஜோடியைச் சற்று உரக்கவும் வைத்தார்கள். உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாக ஒலிப்பதாகவே தோன்றும். வெளியே வந்துவிட்டேன். அடுத்த கடையில் டோன் எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தச் சொல்லி, கைப்பேசியில் டெசிபல் காட்டும் செயலியை வைத்து இரண்டு ஜோடியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தபின் கேட்டேன்.

எதைக் கேட்பது? தம்புராவில் தொடங்குங்கள். நான்கு தந்தியும் ஒன்றோடொன்று கரைந்து ரீங்கரிக்க வேண்டும். ஊசி குத்துவது போல இருந்தால் ட்வீட்டர் (மேல் ஸ்தாயி தரும் சிறிய பாகம்) கூர்மை. அடுத்து மிருதங்கம். வலந்தலையின் ‘சாபு’ தெளிவாகவும், தொப்பியின் கும்கி வழுக்கி ஏறுவது சுருதியோடும் கேட்க வேண்டும்; வெறும் ‘தம் தம்’ என்றால் அது பெட்டியின் சத்தம், தோலின் நாதம் இல்லை. பிறகு நாதஸ்வரம். சிறிய ஸ்பீக்கர்கள் இடறிவிழும் இடம் அதுதான். அரை மணி நேரம் கேட்டும் நெற்றி வலிக்கவில்லை என்றால் அந்த ஜோடியை நம்பலாம். எண்பதுகளின் திரைப்பாடல் ஒன்றைக் கடைசியில் போடுங்கள். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். 5 அங்குல ஊஃபர் அதை முழுதாகத் தராது. ஆனால் அதன் மேல்சுரங்கள் ஒழுங்காக வந்தால் அந்த நடையைக் காது தொடர்ந்து பிடித்துக்கொள்ளும்.

வாங்கியாயிற்று. டி.வி.யை இணைக்க வேண்டுமானால் ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் நுழைவு (ஒளியிழை ஒயர் மாட்டும் இடம்) இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள், டி.வி.யின் ஒலி அமைப்பில் ‘பி.சி.எம்.’ (சுருக்கப்படாத ஒலி) தேர்ந்தெடுக்காவிட்டால் சத்தமே வராமல் போகலாம். ஸ்பீக்கர் ஒயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்காதீர்கள். எலக்ட்ரிகல் கடையில் விற்கும் ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் 5 மீட்டருக்கு, போகவும் வரவும் சேர்த்து, 0.12 ஓம்தான். அதற்கு மேல் கனம் தேவையில்லை.

ஸ்டாண்டை வெல்டிங் பட்டறையில் 60 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சொன்னேன்; ஸ்டாண்டின் குழாய்க்குள் ஆற்று மணலை நிரப்பியது அப்பாவின் யோசனை. தட்டினால் இப்போது ஓசையே வராது. ட்வீட்டர் 86 சென்டிமீட்டரில் நிற்கிறது. சாய்வு நாற்காலியில் அப்பாவின் காது 85.

மாட்டும்போது சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேரட்டும். சந்தேகம் வந்தால் ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பிளஸ், பிளஸில் பட்டால் கோன் முன்னே தள்ளும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் தள்ள வேண்டும். ஒன்று மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும். குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறும்.

10 அடிச் சுவர்ப் பக்கம், ஆனால் சுவரிலிருந்து 2 அடி முன்னே இழுத்து, ஒன்றுக்கொன்று 6 அடி இடைவெளியில் வைத்தோம். இடம் இல்லாமல் சுவரோடு ஒட்ட நேர்ந்தால், பின்பக்கத் துளையில் ஒரு காலுறையைச் சுருட்டிச் செருகுங்கள்; குமுறும் பேஸ் அடங்கும். நாற்காலியை அறையின் நடுவில் போடாதீர்கள். 12 அடி நீளத்தில் 47 ஹெர்ட்ஸ் அளவில் ஓர் அலை நின்றுவிடும். அது நடுவில் செத்துக்கிடக்கும், சுவரோரம் வீங்கும். பின்சுவரிலிருந்து ஏறக்குறைய 4 அடி எங்களுக்குச் சரியாக அமைந்தது. பிறகு ஸ்பீக்கரை இரண்டு விரற்கடை முன்னும் பின்னும், சற்று உள்நோக்கித் திருப்பியும் நகர்த்திக் கேளுங்கள். எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்குப் போனது. நாதஸ்வரம் இடப்பக்கமும் தவில் வலப்பக்கமுமாகப் பிரிந்து, சுருதி ஊதும் ஒத்து நடுவில் வந்து நின்றபோது அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். எழுந்துபோய் சாக்பீஸ் எடுத்துவந்து, பந்தலில் கழி நடும் இடத்தைக் குறிப்பது போல, ஸ்டாண்டின் நான்கு மூலைகளையும் தரையில் கோடிட்டார். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள், வீடு பெருக்கும்போது கட்டாயம் நகரும்.