புளியங்கொட்டையில் ஒரு ஏ.ஐ.: கணினி இல்லாமல் செய்வது எப்படி?

பிள்ளைகளுக்கு ஏ.ஐ. சொல்லித்தர லேப்டாப்பைத் திறக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. திரையில் எது நடந்தாலும் அவர்களுக்கு அது மாயம்தான். பிரிட்டனில் டொனால்ட் மிச்சி என்ற விஞ்ஞானி 1961-ல் 304 தீப்பெட்டிகளையும் வண்ண மணிகளையும் வைத்தே எக்ஸ்-ஓ ஆடக் கற்றுக்கொள்ளும் இயந்திரத்தைச் செய்துகாட்டினார். நமக்கு ஏழு கப் போதும்.

தேவை: டீக்கடை பேப்பர் கப் 7, கூழாங்கல் 8, புளியங்கொட்டை 25. ஊத்தங்கரை, போச்சம்பள்ளிப் பக்கம் புளி தட்டும் வீட்டில் கேட்டால் கொட்டை சும்மாவே கிடைக்கும். குன்றிமணி அழகுதான், ஆனால் விஷம், வேண்டவே வேண்டாம்.

13 கொட்டைக்குச் சிவப்பு நகப்பூச்சு, 12-க்கு வெள்ளை. இரண்டுக்குமே பூசுங்கள். ஒன்றை மட்டும் பூசினால் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கப்புகளில் 8, 6, 5, 4, 3, 2, 1 என்று எழுதுங்கள். 1-ல் ஒரு சிவப்பு மட்டும். மற்றவற்றில் சிவப்பு 2, வெள்ளை 2. ஏழு எங்கே என்று கேட்பார்கள். சொல்லாதீர்கள், ஆடும்போது அவர்களே பிடித்துவிடுவார்கள்.

ஆட்டம் சுலபம். ஒரு பக்கம் கப், எதிர்ப் பக்கம் பிள்ளை. எட்டுக் கல்லில் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ மாறி மாறி எடுக்க வேண்டும். கடைசிக் கல்லை எடுப்பவருக்கு வெற்றி. எப்போதும் கப்தான் முதலில் ஆடும். எத்தனை கல் மீதியோ, அந்த எண் கப்பிலிருந்து கண்ணை மூடி ஒரு கொட்டை. சிவப்பு வந்தால் ஒரு கல், வெள்ளை வந்தால் இரண்டு. எடுத்த கொட்டையை அந்தக் கப்பின் முன்னாலேயே வையுங்கள்.

இனிதான் சிக்கலான இடம். கப் ஜெயித்தால் எல்லாக் கொட்டையும் திரும்ப உள்ளே. தோற்றால் கடைசியாக எடுத்த கொட்டைக்கு மட்டும் தண்டனை. அதை வெளியே போட்டுவிட்டு மற்றவற்றைத் திருப்பிப் போடுங்கள். பிள்ளைகள் ஆத்திரத்தில் எல்லாவற்றையும் தூக்கி எறியப் பார்ப்பார்கள். விட்டால் தப்பே செய்யாத 8-ம் கப்பும் காலியாகிவிடும்.

மீதி 3 கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப் ஒன்று எடுத்தால் பிள்ளை இரண்டு எடுக்கும். இரண்டு எடுத்தால் ஒன்று. எப்படியும் தோல்வி. அதனால் 3-ம் கப் சீக்கிரம் காலியாகும். அதற்கப்புறம் 3 மீதி வந்தால் கப் அங்கேயே தோற்றதாகக் கணக்கு. தண்டனை அதற்கு முந்தைய கொட்டைக்கு. தப்பு எங்கே தொடங்கியது என்று இப்படிப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் 6-ம் கப்பும் காலியாகி, 8-ல் வெள்ளை மட்டும் நிற்கும். 5, 4, 2 கப்புகளிலும் தப்பான கொட்டை தீர்ந்துவிட்டால், அதற்குமேல் கப்பை யாராலும் ஜெயிக்க முடியாது. இத்தனைக்கும் கப்புக்கு ஒரு கணக்கும் தெரியாது.

பின்சேர்க்கை: “எங்க கப் கத்துக்கவே மாட்டேங்குது சார்” என்று பாலக்கோட்டிலிருந்து ஒரு டீச்சர் கேட்டிருந்தார். விசாரித்தால், கப் பாவம் என்று பிள்ளைகள் விட்டுக்கொடுத்து ஆடியிருக்கிறார்கள். கப் தோற்கவே இல்லை, அதனால் தப்பான கொட்டைகளும் உள்ளேயே தங்கிவிட்டன. முதல் சில ஆட்டங்களில் நீங்களே எதிரே உட்காருங்கள். முடிகிறபோதெல்லாம் கப்புக்கு 6 அல்லது 3 கல்லை மீதி வையுங்கள்.