தனுஷ்கோடியில் பேய் தேடுபவர்களுக்கு விடியல்தான் நேரம்

தனுஷ்கோடியின் அமானுஷ்யத்தை உணரணும்னா சாயங்காலம் கிளம்பாதீங்க. ராமேஸ்வரத்திலிருந்து இருட்டோடு புறப்பட்டு, சோதனைச் சாவடி திறந்ததும் முதல் வண்டியாக உள்ளே போயிடுங்க.

சாயங்காலத்துக்கு மேல் போலீஸார் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். இரவுக்காகக் காத்திருந்தால் ஆட்டோ வாடகையும் அறை வாடகையும்தான் வீண். விடியலில் அங்கே இடிந்து நிற்கும் பழைய சர்ச்சின் சுவருக்குள் ஆள் இருக்காது. சாய்ந்து விழும் வெயிலில் பவளக்கல்லின் ஒவ்வொரு துளையும் தனித்தனியாகத் தெரியும். கூரையில்லாத அந்தச் சுவர்களுக்குள் கடற்காற்று புகுந்து வரும் ஓசையைக் கடைகள் திறக்கும் முன்பே கேட்டுவிடணும், அப்புறம் கேட்காது. கல்லை மட்டும் பெயர்த்து எடுக்காதீங்க. 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு போனவர்களின் ஊர் அது. எனக்கு அங்கே குரலை உயர்த்தக்கூட மனசு வராது.

ஆடி, தை அமாவாசை நாட்களில் இது பலிக்காது, விடியும் முன்பே நீராட வரும் கூட்டம் நிறைந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருந்தால் பாதையையே அடைத்துவிடுவார்கள். முந்தின இரவே ஆட்டோக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.